பதின்மூன்று வருடம் கழித்து மறுபடி கணக்கு எழுத உட்காரும்போது

கேட்டவர் பி.காம். முடித்து ஏழு வருடம் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவர். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் 2012-ல் நிறுத்திவிட்டார். அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பகலில் நாலைந்து மணி நேரம் கையில் நிற்கிறது. ஆபீசுக்குப் போய் உட்கார முடியாது. மூன்று நாலு கடைகளின் கணக்கை கான்ட்ராக்டாக எடுத்து வீட்டிலிருந்தே செய்யலாமா, 13 வருட இடைவெளியை எப்படிச் சமாளிப்பது, என்ன கோர்ஸ் படிக்கணும், எவ்வளவு கேட்கலாம், லேப்டாப் எப்படிப்பட்டது வேண்டும் என்பது கேள்வி. கொழுந்தன் குழித்துறையில் சிமென்ட், பெயின்ட் கடை வைத்திருக்கிறாராம். "முதல்ல நம்ம கடையைப் பாருங்க மைனி" என்கிறாராம். (மைனி என்றால் எங்கள் பக்கம் அண்ணி.)

செய்யலாம். தாராளமாகச் செய்யலாம். எப்படி என்பதைச் சொல்ல என் கதையிலிருந்து தொடங்குகிறேன், நானும் இதே வழியில் வந்தவள்தான்.

தமிழ்நாட்டில் வாட் என்ற விற்பனை வரி வந்தது 2007 ஜனவரி 1. ஜிஎஸ்டி வந்து அதை அனுப்பிவைத்தது 2017 ஜூலை 1. நான் நாகர்கோவிலில் வேலையை விட்டது 2006 அக்டோபர், திரும்பியது 2017 ஆகஸ்ட். அதாவது பெட்ரோலும் மதுவும் போக மற்ற எல்லாவற்றுக்கும் பத்தரை வருடம் நாட்டாமை பண்ணிய ஒரு சட்டம், நான் பிள்ளைகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தபோது வந்து, நான் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்னால் போய்விட்டது. அதன் கீழ் நான் ஒரு ரிட்டர்ன்கூடப் போட்டதில்லை. இன்றுவரை எந்தக் கடைக்காரரும் என்னிடம் "வாட் தெரியுமா?" என்று கேட்டதும் இல்லை.

எனக்கு நேரம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஆகஸ்டில் இருபது வருடம் இடைவிடாமல் வேலை பார்த்தவரும் நானும் ஒரே பெஞ்சில் ஒண்ணாம் கிளாஸ். பெரிய ஆபீஸ்களிலேயே ஒருவர் இன்னொருவருக்குப் போன் போட்டு "இந்தக் கட்டத்தில் என்ன போடணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஜிஎஸ்டி வந்து எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இன்னொரு வசதி இருக்கிறது: அந்த எட்டு வருடக் குழப்பத்தில் முக்கால்வாசியை நீங்கள் படிக்கவே வேண்டாம். பழைய வரிக் கழிவை ஜிஎஸ்டிக்குக் கொண்டுவர டிரான்-1 என்று ஒரு பாரம் எங்களைப் பாடாய்ப் படுத்தியது, இன்று அது செத்த பாம்பு. ஜிஎஸ்டிஆர்-2, ஜிஎஸ்டிஆர்-3 என்று இரண்டு ரிட்டர்ன் சட்டத்தில் எழுதினார்கள், நடைமுறையில் நிற்கவே இல்லை. தற்காலிகம் என்று வந்த சுருக்க ரிட்டர்ன் 3பி தான் நிரந்தரமாகிவிட்டது. வரி விகிதத்தில்கூட 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி 12-உம் 28-உம் எடுக்கப்பட்டு, பெரும்பாலான பொருள் 5 அல்லது 18-க்குள் வந்துவிட்டது. உங்கள் கொழுந்தன் கடை சிமென்டே 28-லிருந்து 18 ஆனது அன்றைக்குத்தான். புதிதாக நுழைகிறவர் படிக்கவேண்டிய அட்டவணை முன்பைவிடச் சின்னது.

கோர்ஸ் பற்றி என் கருத்தை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: முதல் மூன்று மாதம் எந்தக் கோர்ஸிலும் பணம் கட்டாதீர்கள். டெபிட், கிரெடிட், பேங்க் ரீகன்சிலியேஷன், ஸ்டாக் எல்லாம் ஏழு வருடம் கையில் ஓடியவை, மறக்காது. நீச்சல் மாதிரிதான், இரண்டு நாள் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். நீங்கள் விட்டபோது இருந்த கணக்கு ஸாஃப்ட்வேர் டாலி ஈஆர்பி 9 இப்போது டாலி பிரைம் ஆகிவிட்டது. பொத்தான்களின் இடம் மாறியிருக்கிறது, தலையில் ஒன்றும் மாறவில்லை. லைசென்ஸ் வாங்காமலேயே எஜுகேஷனல் மோடில் திறந்து பழகலாம், மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போட விடும். பழகுவதற்கு அது போதும்.

படிக்கவேண்டியது என்றால், ஒரு மாதம் எப்படி ஓடுகிறது என்பதைத்தான். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது கடை விற்றது. 14-ஆம் தேதி 2பி வரும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் அவரவர் ரிட்டர்னில் காட்டியதை வைத்துத் தானாக உருவாகும் பட்டியல் அது. 20-ஆம் தேதிக்குள் 3பி போட்டு வரி கட்ட வேண்டும். இதில் நடுவில் உள்ள 2பி தான் உங்களுக்குப் புதுசு, இந்த வேலையின் உயிரும் அதுதான். வாட் காலத்தில் பர்ச்சேஸ் பில் கையில் இருந்தால் கிரெடிட் எடுத்துவிட்டு (வாங்கும்போது கொடுத்த வரியை, கட்டவேண்டிய வரியில் கழிப்பதுதான் கிரெடிட்), பிரச்சினை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பீர்கள். 2022 ஜனவரியிலிருந்து பில் கையில் இருந்தாலும் 2பி-யில் வராவிட்டால் அந்த மாதம் கிரெடிட் இல்லை. ஆகவே மாதாமாதம் 14-ஆம் தேதி காலையில் 2பி-யை இறக்கி, ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரையும் வைத்து, வராத பில்லுக்குச் சப்ளையருக்குப் போன் போடவேண்டும். முன்பு வெளி மாநிலத்தில் வாங்கியவர் தரவேண்டிய சி ஃபாரம் கேட்டு, கேரளத்தில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் எத்தனை தடவை போன் போட்டிருப்பீர்கள்! அதே தொண்டைதான், அதே கெஞ்சல்தான். பாரத்தின் பெயர்தான் வேறு.

சி ஃபாரம் என்றதும் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு விஷயம் நினைவுக்கு வருகிறது. மதுரைக்காரர் எழுதிய டாலி புத்தகத்தில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். நமக்கு அப்படி முடியாது. களியக்காவிளை தாண்டினால் கேரளம். நம் கடைகளில் பாதிச் சரக்கு அங்கிருந்து வருகிறது, வாங்குகிறவர்களில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறார்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். இங்குள்ளேயே நடந்த வியாபாரத்துக்கு மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநிலத்துக்கு எஸ்ஜிஎஸ்டி என்று பாதிப் பாதி. எல்லை தாண்டினால் ஐஜிஎஸ்டி மொத்தமாக. கேட்க எளிதாக இருக்கும்.

2018-ல் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். குளச்சல் பக்கம் கயிறு வியாபாரி ஒருவர், நெய்யாற்றின்கரையில் ஒரு பார்ட்டிக்குத் தொடர்ந்து சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பார்ட்டியின் பெயர் அப்படியே நம் ஊர்ப் பெயர். டாலியில் புது லெட்ஜர் திறந்தேன். ஸ்டேட் என்ற கட்டத்தில் தமிழ்நாடு தானாக வந்து நின்றது, நான் என்டரைத் தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். கீழே ஜிஎஸ்டி எண் 32-ல் தொடங்குவதைக் கையாலேயே அடித்தேன், கண் பார்க்கவில்லை. அதன் பிறகு நாலு மாதம் எல்லா பில்லிலும் இங்குள்ள வரியாகவே போனது. அங்கே அவருக்குக் கிரெடிட் கிடைக்காமல் அவருடைய கணக்கர் கத்தியபோதுதான் தெரிந்தது. அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. சரியான வரியை மறுபடி கட்டிவிட்டு, தப்பாகக் கட்டியதை ரீஃபண்ட் கேட்கலாம், வட்டி கிடையாது. ஆனால் ரீஃபண்ட் வரும்வரை கடைக்காரரின் முதல் அல்லவா முடங்கிக் கிடக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் இரண்டு மாதச் சம்பளம் வாங்கவில்லை. அன்றிலிருந்து புது லெட்ஜர் திறந்தால் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டேட் கட்டத்தைத் தொடுவேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

இதிலேயே இன்னொன்று. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளருக்கு விற்கும் பில்லில் கேரள முகவரி எழுதினால் அது வெளி மாநில விற்பனையாகிவிடும். ஐஜிஎஸ்டி போடணும். முகவரியே எழுதாமல் கவுண்டரில் விற்றால் இங்குள்ள விற்பனைதான். பாறசாலையில் வீடு கட்டுகிறவர் குழித்துறைக்கு வந்து பெயின்ட் வாங்கி, "பில்லுல வீட்டு அட்ரஸ் போட்டுக் கொடுங்க" என்று கேட்பது வாரத்துக்குப் பத்து தடவை நடக்கும். கொழுந்தன் கடையில் பில் போடும் பையனுக்கு இது தெரியுமா என்று முதல் நாளே பாருங்கள். தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. இந்த ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாலே "மைனிக்கு விஷயம் தெரியும்" என்று ஆகிவிடும்.

அடுத்த பெரிய மாற்றம் பேங்க் ஸ்டேட்மென்ட். 2012-ல் ஒரு பேக்கரியின் மாத ஸ்டேட்மென்ட் இரண்டு பக்கம் இருந்திருக்கும்: நாலு செக், தினமும் ஒரு டெபாசிட். இன்று அதே பேக்கரி ஸ்டேட்மென்டைத் திறந்தால் யுபிஐ, யுபிஐ, யுபிஐ. 20 ரூபாய், 35 ரூபாய், 140 ரூபாய் என்று மாதத்துக்கு ஆயிரக்கணக்கான வரி. ஒரு சாயாவும் ஒரு ரசவடையும் ஒரு வரி. முதலில் பார்க்கும்போது தலை சுற்றும். ஒவ்வொன்றாக என்ட்ரி போட உட்காராதீர்கள். நான் செய்வது இப்படி: எக்ஸலில் இறக்கி, தேதிவாரியாகக் கூட்டி, அன்றைய பில் மெஷினின் யுபிஐ மொத்தத்தோடு ஒப்பிடுவேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு நாளுக்கு ஒரே என்ட்ரி. ஒன்றாக இல்லாத நாளை மட்டும் உள்ளே போய்ப் பார்ப்பேன்.

அந்த நாட்களில்தான் வீட்டுக் கதை வெளியே வரும். துபாயில் இருக்கும் தம்பி அனுப்பிய பணம், சீட்டு எடுத்த பணம், மச்சானிடம் கைமாற்று வாங்கியது, மகளின் காலேஜ் ஃபீசுக்கு யாரோ போட்டது எல்லாம் கடை க்யூஆருக்குள்ளேயே வந்து விழுந்திருக்கும். எல்லாவற்றையும் விற்பனை என்று எடுத்தால் கடைக்காரர் இல்லாத வியாபாரத்துக்கு வரி கட்டுவார். அப்படியே விட்டுவிட்டால் நாளை நோட்டீஸ் வந்து "இது என்ன வரவு?" என்று கேட்டால் பதில் இருக்காது. 2025-ல் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதிலிருந்து நம் ஊர்க் கடைக்காரர்களுக்கும் இந்தப் பயம் வந்துவிட்டது. மாதம் ஒரு தடவை போன் போட்டு, "அண்ணே, 17-ஆம் தேதி 85,000 வந்திருக்கு, அது என்ன?" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது இன்று கணக்கரின் வேலையில் பாதி. ஸாஃப்ட்வேர் இதைச் செய்யாது. குடும்ப விஷயத்தைக் கேட்கவும், கேட்டதை வெளியே சொல்லாமல் இருக்கவும் ஓர் ஆள் வேண்டும். வயதும் பக்குவமும் இங்கே உங்களுக்குத் துணை.

சரி, எங்கே தொடங்குவது? கொழுந்தன் கடையில் தொடங்கலாம், ஆனால் அவர் சொல்கிற மாதிரி வேண்டாம். அவரிடம் ஏற்கெனவே ரிட்டர்ன் போட்டு முடிந்த மூன்று மாதத்தின் பில்களைக் கேளுங்கள். பர்ச்சேஸ், சேல்ஸ், பேங்க் மூன்றும். புதிதாக ஒரு கம்பெனி திறந்து அந்த மூன்று மாதத்தையும் முதலிலிருந்து எழுதுங்கள். உங்கள் கணக்கில் வரும் வரியும் அவர் உண்மையில் கட்டிய வரியும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக வராது. வித்தியாசம் எங்கே என்று தேடிப் பிடிக்கிற அந்த நாலைந்து நாளில் படிப்பது எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. ரிட்டர்ன் முன்பே போய்விட்டதால் நீங்கள் தப்பு செய்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. சில நேரம் முன்பு போட்டவர் செய்த தப்பும் அகப்படும். அகப்பட்டால் நிதானமாகச் சொல்லுங்கள், அவரும் நம் தொழில்காரர்.

அதன் பிறகு ஆறு மாதம் ஏதாவது ஓர் ஆடிட்டர் ஆபீசின் வெளி வேலையை எடுத்துச் செய்யச் சொல்வேன். மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் எங்கும் 5-லிருந்து 20 தேதி வரை ஆபீஸ்களில் மூச்சு விட நேரம் இருக்காது. செப்டம்பர், அக்டோபர் ஆடிட் காலத்தில் கேட்கவே வேண்டாம். என்ட்ரியும் 2பி ஒப்பீடும் வெளியே கொடுக்கத் தயாராக இருப்பார்கள். பணம் குறைவாகத்தான் தருவார்கள், அதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள். ஆனால் உங்கள் வேலையை இன்னொருவர் பார்த்துத் திருத்துவார். நேராகக் கடை எடுத்தால் திருத்த ஆள் இல்லை, டிபார்ட்மென்ட்தான் திருத்தும். பழைய ஆபீசில் உங்களோடு இருந்தவர்களில் யாராவது இன்று தனியாக ஆபீஸ் வைத்திருப்பார்கள். அவருக்கு முதலில் போன் போடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். நான் என் பழைய சீனியருக்குப் போன் போட இரண்டு வாரம் யோசித்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நாளைக்கு வர முடியுமா?"

இடைவெளியைப் பற்றி யாராவது கேட்டால், "2012-லிருந்து வீட்டுப் பொறுப்பு, இப்போது திரும்பியிருக்கிறேன்" என்று ஒரு வரி போதும். திருவனந்தபுரம், பெங்களூர் கம்பெனிகளுக்கு பயோடேட்டா அனுப்பினாலும் அதே ஒரு வரிதான். அதற்குக் கீழே "சமீபத்தில் செய்தது" என்று அந்த மூன்று மாதப் பயிற்சியையும் ஆபீஸ் வேலையையும் எழுதுங்கள். மாமியாரைப் பார்த்த கதையெல்லாம் வேண்டாம். பரிதாபப்பட்டு யாரும் வேலை தரமாட்டார்கள், தந்தால் அதற்குத் தகுந்த கூலிதான் தருவார்கள்.

கூலி என்றதும் எல்லாப் பெண்களும் தடுக்கி விழும் இடத்துக்கு வந்துவிட்டோம். நானும் விழுந்தேன். முதல் கடைக்காரர் "எவ்வளவு தரணும்?" என்று கேட்டபோது, "நீங்க பாத்துக் கொடுங்க" என்றேன். அவரும் பார்த்துக் கொடுத்தார், மாதம் 800. ஒன்றரை வருடம் அந்த 800-லேயே ஓடியது. கேட்க வாய் வரவில்லை. ஒரு நாள் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று சும்மா எழுதி வைத்துப் பார்த்தால் மாதத்துக்கு 14 மணி நேரம். மணிக்கு 57 ரூபாய். எங்கள் தோட்டத்தில் தேங்காய் பறிக்க வந்தவர் ஒரு மரத்துக்கு வாங்கியதே அதில் பாதிக்கு மேல்.

ஆகவே "கடைக்கு இவ்வளவு" என்று யாரோ சொல்லும் ரேட்டைக் கேட்டு வராதீர்கள். கடையைப் பாருங்கள். மாதம் எத்தனை பர்ச்சேஸ் பில், சேல்ஸ் அவர்களே கம்ப்யூட்டரில் போடுகிறார்களா அல்லது கையெழுத்து பில் புத்தகமா, எத்தனை பேங்க் அக்கவுண்ட், கேரள வியாபாரம் உண்டா, முந்திரி ஆலை என்றால் விவசாயிகளிடமிருந்து நேராகக் கொட்டை வாங்குகிறார்களா (வாங்கினால் அந்த வரியை வாங்குகிறவரே கட்டவேண்டும், அதற்குத் தனி வேலை). ஒரு மாதம் செய்து பார்த்து மணியை எண்ணுங்கள். பத்து மணி நேரம் ஆகிறது, மணிக்கு 300 வேண்டும் என்று நினைத்தால் 3,000. கூடச் சொல்ல பயமாக இருந்தால் வேலையைக் குறைத்துச் சொல்லுங்கள். "சேல்ஸ் நீங்களே போட்டுத் தந்தால் 2,000" என்று. விலையை மட்டும் தனியாகக் குறைக்காதீர்கள், ஒரு முறை குறைத்தது மறுபடி ஏறாது.

பேசியதை எழுத்தில் வைக்கணும். பத்திரம் ஒன்றும் வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். கொழுந்தனுக்கு இப்படி அனுப்பலாம்:

"தம்பி, மாதக் கணக்கு பற்றிப் பேசியது: பர்ச்சேஸ், பேங்க் இரண்டும் நான் என்ட்ரி போட்டு, ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டும் போட்டுத் தருவேன். எல்லா பில்லும் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் வரணும். அதுக்கு மேல வர்ற பர்ச்சேஸ் பில் அடுத்த மாதத்தில்தான். வரிப்பணம் 18-ஆம் தேதிக்குள் அக்கவுண்டில் இருக்கணும், இல்லாமல் லேட் ஆனால் லேட் ஃபீ கடைக்கு. என்னால லேட் ஆனால் என்னுடையது. பழைய கணக்கைச் சரிசெய்றது, நோட்டீசுக்குப் பதில், வருட ரிட்டர்ன் இதில் சேராது, தனியாப் பேசிக்கலாம். மாதம் 2,500, 10-ஆம் தேதிக்குள். சம்மதம்னா ஓகே போடுங்க."

கொழுந்தனுக்கே இப்படியா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சொந்தக்காரருக்கு விலை குறைக்கலாம், பாதியாகக்கூடக் குறைக்கலாம், ஆனால் தேதியையும் எல்லையையும் குறைக்கக்கூடாது. கணக்கில் ஒரு பிசகு வந்து 3பி லேட் ஆகி, தினமும் 50 ரூபாய் லேட் ஃபீ ஏறும்போது, ஓசியில் செய்தவர் மேல்தான் முதலில் கை நீளும். அதுவும் ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ எல்லோரும் கூடியிருக்கும் வீட்டில் வைத்து.

அந்தச் செய்தியில் நோட்டீஸைத் தனியே பிரித்ததற்குக் காரணம் உண்டு. கணக்கு எழுதவும் ரிட்டர்ன் தயார் செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டாம். ஆனால் கடைக்காரர் சார்பில் அதிகாரி முன் போய் நிற்க ஜிஎஸ்டி பிராக்டிஷனர் பதிவோ, சிஏ, வக்கீல் போன்ற தகுதியோ வேண்டும். உங்கள் பி.காம். பிராக்டிஷனர் பதிவுக்குப் போதும், தேர்வு ஒன்று எழுதவேண்டியிருக்கும். இரண்டாம் வருடம் யோசியுங்கள், இப்போது அவசரமில்லை. ஆடிட் கையெழுத்து சிஏ-வின் வேலை, அந்தப் பக்கமே போகவேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் போடும் வசதி 5 கோடி வரை விற்பனை உள்ள கடைகளுக்கு உண்டு. அப்படிப்பட்ட கடைகளாகப் பார்த்து எடுத்தால் வேலை குறையும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் விழும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் 13-ஆம் தேதியும் 22-ஆம் தேதியும் வீட்டில் அடுப்பு எரியாது. மாதாந்திரம் இரண்டு, காலாண்டு இரண்டு என்று கலந்து எடுங்கள். நாலு கடைக்கு மேல் முதல் வருடம் வேண்டவே வேண்டாம்.

ஒரு சம்பவம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். நான் திரும்பி வந்து நாலாவது மாதம். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் ஒருவர் கணக்கு என்னிடம். புயலில் அவர் கடையின் தகரக் கூரை போய், பில் கட்டெல்லாம் நனைந்து அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டது. எங்கள் தெருவில் ஒன்பது நாள் கரண்ட் இல்லை. மரம் விழுந்த ரோட்டில் அவர் பைக்கில் அந்தக் கட்டைக் கொண்டுவந்து, "இனி எங்கே கணக்கு..." என்று திண்ணையில் போட்டார். நானும் மாமியாரும் ஒவ்வொரு பில்லாகப் பிரித்து, கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். மை கலைந்தவற்றைச் சப்ளையரிடம் மறுபடி கேட்டு வாங்கினேன். கரண்ட் வந்த அன்று ராத்திரி என்ட்ரி போட்டு, டிசம்பர் 20-க்கு முன்னால் 3பி போய்விட்டது. அந்த மனிதர்தான் பிறகு எனக்கு ஐந்து கடைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். 800 ரூபாய்க்காரரும் அவரேதான், அது வேறு கதை. இந்தப் புயலுக்கு ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் 2,000 கேட்டேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

உங்கள் சொந்தக் காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பான் கார்டில் அப்பா பெயர் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர், பேங்க் பாஸ்புக்கில் வேறொன்று என்று இருக்கும். நம் பெண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். முதலில் இவை மூன்றையும் ஒன்றாக்குங்கள், பான் கார்டை ஆதாரோடு இணைத்திருக்கிறதா பாருங்கள். இணைக்காத பான் செயல்படாது. பழைய சம்பள அக்கவுண்டில் இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாவிட்டால் முடக்கியிருப்பார்கள், கேஒய்சி கொடுத்தால் திறந்துவிடுவார்கள். வேலைப் பணத்துக்கு அந்த ஒரு அக்கவுண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கடைக்காரர்களுக்கு நாம் சொல்வதை நாமே செய்யவேண்டாமா?

வரியைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை நீங்கள் ஜிஎஸ்டி பதிவு எடுக்கவேண்டாம். வருமான வரியில் கணக்கியல் உள்ளிட்ட தொழில்களுக்கு, வந்த தொகையில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்ற ஏற்பாடு உண்டு, 44ஏடிஏ என்பார்கள். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன, பழைய எண் பழக்கத்தில் நிற்கும்.) சின்னக் கடைகள் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்காது. ஆடிட் ஆபீஸோ கம்பெனியோ வருடத்துக்கு 50,000-க்கு மேல் தந்தால் பத்து சதவீதம் பிடிக்கக்கூடும். அதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போடணும், நமக்குத் தெரியாததா. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் எடுத்துவையுங்கள். அது இலவசம், காசு கேட்கும் இணையதளம் போலி. எழுத்தில் பேசியிருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரவேண்டும் என்று சிறுதொழில் சட்டம் சொல்கிறது. 3,000 ரூபாய்க்காக நாம் யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்பது வேறு. ஆனால் ஆடிட் ஆகும் கம்பெனிக்கு, இந்தக் கெடு தாண்டி, மார்ச் 31 வரை தராத பணத்தை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று விதி வந்ததிலிருந்து, பில்லில் உத்யம் எண் இருந்தால் மார்ச் மாதம் தானாகவே போன் வருகிறது.

கடைசியாக லேப்டாப் கேட்டிருந்தீர்கள். புதிது வேண்டாம். 8 ஜிபி ராம் உள்ள, எஸ்எஸ்டி போட்ட பழையது ஒன்று டாலிக்கும் எக்ஸலுக்கும் தாராளம். மிச்சக் காசில் ஒரு இன்வெர்டரும், இரண்டாவது கம்பெனி சிம் ஒன்றும் வாங்குங்கள். 20-ஆம் தேதி சாயங்காலம் மழை பெய்யாத மாதம் நம் ஊரில் குறைவு. டாலி லைசென்ஸை மட்டும் யார் வாங்குவது என்று முதல் கடையிலேயே பேசி முடித்துவிடுங்கள், நான் பேசாமல் விட்டு என் கையிலிருந்து போனது.